குப்புறக் கிடந்த மங்கு

அக்கா! உன் பேரைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதான். ஐந்து வயதில், அம்மா கூப்பிடுகிற மாதிரியே நானும் வாசலில் நின்று கத்தினேன். அம்மாவின் விளக்குமாறு என் முதுகில் விழுந்தது. அன்றிலிருந்து உன் பேரே எனக்கு அக்காதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிப்பு நோய். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புதான் படித்தேன். எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எனக்கு நினைவில்லாத இடங்களும் இருக்கும். அங்கெல்லாம் நினைவில்லை என்றே எழுதுவேன். சொந்தமாக எதையும் போட்டு நிரப்ப மாட்டேன். என் அக்கா செத்தது அப்படி எனக்கு நினைவில்லாத ஒரு காலை நேரத்தால்தான்.

நாங்கள் மலாயாவில் சுங்கை லாலாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தோம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பாவை சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அந்த வரிசையில் என்னையும்தான் நிறுத்தினார்கள். நின்ற இடத்திலேயே வலிப்பு வந்து விழுந்தேன். காலால் என்னைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். எனக்குத் தெரியாது, அக்கா சொன்னது. மிஞ்சியது அவளும் நானும். அவளுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினேழு.

வெள்ளைக்காரன் இருந்தவரை தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுப்பார். தினம் ஒன்று போட்டால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். பிறகு மாத்திரை தீர்ந்துபோனது. அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நின்றபோது டிரெஸர் வெறும் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இருந்தா குடுக்க மாட்டேனாம்மா? வெள்ளைக்காரன் கப்பலேறுனப்பவே மருந்தும் ஏறிப்போச்சு."

"அப்ப என்ன செய்றது டிரெஸரய்யா?"

"தண்ணி, நெருப்பு, பால்வெட்டு உளி. இந்த மூணுகிட்டயும் தனியா விடாத. வேற என்னத்தச் சொல்றது."

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. சில வாரம் இரண்டு. வலிப்பு வருகிற நேரம் கொஞ்சம்தான். ஆனால் அது போகும்போது கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போகும். அதற்கு முன்னால் இருந்த ஒரு மணி நேரம் போகும். பின்னால் வரும் அரை நாள் போகும். வலிப்பு வராத நாளிலும் மறதிதான். வாளியோடு குழாயடிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று அங்கே நிற்பேன். அடுப்பில் சட்டி தீய்ந்துகொண்டிருக்கும், நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு வலிப்புக்கும் அக்கா சுவரில் ஒரு கரிக்கோடு போட்டு வைப்பாள். நான் எழுந்ததும் சுவரைத்தான் பார்ப்பேன். கோடு கூடியிருந்தால் அன்றைக்கு எனக்கு ஏதோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் சுங்கை பட்டாணி பாசாரில் ஜப்பான் சோல்ஜர் முன்னால் குனிந்து கும்பிட மறந்துவிட்டேன். அவன் அறைந்த அறையில் இரண்டு நாள் காது அடைத்துக் கிடந்தது. அடுத்த தடவை டவுனுக்குப் போகும்போது அக்கா என் வலது மணிக்கட்டில் மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைத் திரித்த கயிறு ஒன்றைக் கட்டினாள். காவல் கொட்டகை தெரிந்ததும் அந்தக் கயிற்றை ஒரு இழு இழுப்பாள். நான் குனிந்துவிடுவேன். எதற்குக் குனிகிறேன் என்று நினைவிருக்க வேண்டியதில்லை.

"மாட்ட இழுத்துட்டுப் போற மாதிரி இருக்குலா," என்று ஒருநாள் கோபப்பட்டேன்.

"மாட்டுக்கு அற விழாதுடா. பேசாம வா."

கித்தாவை வாங்க ஆளில்லை. மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். அக்கா அந்த வேலைக்குப் போனாள். என்னை மண்வெட்டி தொட விடமாட்டாள். அதனால் நான் வீட்டில் சமையல். மீசை முளைத்தவன் சட்டி கழுவுகிறான் என்று லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், சிரிப்பார்கள். குழாயடியில் ஒரு அண்ணன் தினம் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"என்னா மாப்ளே, இன்னைக்கு என்ன சமையலு?"

"கெழங்கு."

"நேத்து?"

"கெழங்கு."

"முந்தா நாளு?"

"கெழங்குதான்ணே."

"பாத்துக்குங்க! இவனுக்கா ஞாபக மறதி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் காலத்தில் நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மங்கு யோசனை அக்காவுடையது. மங்கு என்றால் கித்தா மரத்தில் பால் வடிவதற்குக் கட்டுகிற சின்னக் கிண்ணம். பால் வெட்டு நின்றுபோனதால் காடு முழுக்க மங்கு கேட்பாரில்லாமல் கிடந்தது. அவள் மூன்று மங்கு எடுத்துவந்து அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வரிசையாக வைத்தாள். முதல் மங்கு தண்ணீருக்கு. இரண்டாவது அடுப்பு நெருப்பை அணைத்ததற்கு. மூன்றாவது கிழங்குக்கு. நிமிர்ந்திருந்தால் வேலை பாக்கி இருக்கிறது. குப்புறக் கிடந்தால் வேலை முடிந்தது.

அது எங்களுக்குப் புதுப் பழக்கமில்லை. பால் எடுத்து முடித்தால் மங்கைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவோம். நிமிர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கும், கொசு முட்டை போடும். கங்காணி பார்த்தால் தாயை இழுத்துத் திட்டுவார். தண்ணீர் நிற்கிற மங்கைப் பார்த்தால் கித்தாக்காட்டில் வேலை செய்த எவர் கையும் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே நடப்பார்கள், கை தானாகப் போய்க் கவிழ்த்துவிடும். இதை நான் இப்போது ஆயிரம் தடவை யோசித்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மரவள்ளியில் இரண்டு சாதி. நல்ல கிழங்கை உடனே அவித்துத் தின்னலாம். கசப்புக் கிழங்கு பெரிதாக விளையும், ஆனால் விஷம். நல்ல கிழங்கை எல்லாம் மூட்டை கட்டி லாரியில் கொண்டுபோய்விடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது கசப்பு. பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர்கள் ஊரில், இருந்த பெரியவர் ஒருவர் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தார், பாக்சிக் என்று கூப்பிடுவோம். தோலைத் தடியாகச் சீவி, மெல்லிசாக நறுக்கி, மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தினம் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரையும் கொட்ட வேண்டும்.

மூன்று நாளை நினைவு வைத்துக்கொள்ள என்னால் முடியாது. அதனால் அக்கா ஒரு கட்டளை போட்டாள்.

"மொத ரெண்டும் ஒன்னோடது. மூணாவது மங்கத் தொட்டியோ, கைய ஒடிச்சிருவேன். அத நாந்தான் கவுப்பேன். கவுந்திருந்தா நீ எடுத்து அவி. நிமிந்திருந்தா பானை பக்கமே போகாத."

"சரி."

"என்ன சரி? சொல்லு பாப்போம்."

"கவுந்திருந்தா அவி. நிமிந்திருந்தா போகாத."

தினம் வேலைக்குப் போகும் முன்னால் அதைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் படியிறங்குவாள். ஐந்தாறு மாதம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

அது மழைக்காலம். கூரைத் தகரம் ஓட்டை. அடுப்பு மேலேயும், மூன்றாவது மங்கு இருந்த ஓரத்தில், ஒழுகும்.

அன்று காலை எனக்கு வலிப்பு வந்திருக்கிறது. சுவரில் ஒரு கோடு கூடியிருந்ததால்தான் அது எனக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம் அக்கா புதுக் கிழங்கு நறுக்கி ஊறப்போட்டாளாம். அதுவும் பிறகு மற்றவர்கள் சொன்னது. என்னிடம் அந்தச் சாயங்காலமே இல்லை. கண் திறந்தபோது உச்சிப்பொழுது. நாக்கின் ஓரம் கிழிந்து வாயெல்லாம் ரத்த ருசி. தலைக்குக் கீழே அவளுடைய பழைய பாவாடை மடித்து வைத்திருந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள்.

பசித்தது. எழுந்துபோய்ப் பலகையைப் பார்த்தேன். முதல் மங்கு நிமிர்ந்திருந்தது. இரண்டாவது நிமிர்ந்திருந்தது. மூன்றாவது குப்புறக் கிடந்தது.

இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அக்கா வரும்போது சூடாக இருக்குமே என்று நினைத்தேன். தண்ணீரைக் கொட்டினேன், கிழங்கைக் கழுவினேன், அவித்தேன். அவள் பங்கைத் தட்டில் போட்டு மூடி வைத்தேன். எனக்கு நாக்கு எரிந்ததால் இரண்டு துண்டுக்கு மேல் மெல்ல முடியவில்லை.

மூன்று மணி போல அக்கா தொப்பலாக நனைந்து வந்தாள். காலையில் என்னைப் பார்த்துக்கொண்டதில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடியிருந்தாள். ஈரத்தோடு நின்றுகொண்டே தின்றாள்.

"லேசாக் கசக்குதுடா."

"எனக்கு நாக்குல புண்ணு, ஒண்ணும் தெரியல."

"பரவால்ல. பசிக்கு எதுவா இருந்தா என்ன?" தட்டை வழித்துத் தின்றாள். பிறகு பின்பக்கம் விறகு பிளக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் கோடரிச் சத்தம் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். எனக்கும் லேசாகச் சுற்றியது. அப்போதுதான் கேட்டாள்.

"எந்தக் கெழங்குடா அவிச்ச?"

"பானையில இருந்தது."

"நேத்துதானே போட்டேன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மங்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மங்கு கவுந்துதான் இருந்துச்சுக்கா," என்றேன். அழுகை வந்துவிட்டது. "சத்தியமா கவுந்துதான் இருந்துச்சு. நான் தொடல." சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, தொடவில்லை என்று சத்தியம் செய்ய எனக்கு அந்தக் காலையே கையில் இல்லை என்று.

அவள் என் பிடரியைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். என் தொண்டைக்குள் விரலை விட்டாள். இரண்டே துண்டு தின்ற என் தொண்டைக்குள்தான் முதலில். நான் முழுவதும் கக்கும் வரை விடவில்லை. அப்புறம்தான் அவள் தனக்குச் செய்துகொண்டாள். கொஞ்சம்தான் வந்தது.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "நாந்தான்டா கவுத்தேன்," என்றாள். "காலைல ஒழுகித் தண்ணி நின்னுச்சு. பழக்கத்துல கை போயிருச்சு. நீ இல்ல. கேட்டியா? நீ இல்ல. சொல்லு பாப்போம்."

"நான் இல்ல," என்று சொன்னேன். தினம் சொல்ல வைப்பது மாதிரியே சொல்ல வைத்தாள்.

நான் கத்தியதில் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தார். சொந்த அத்தை இல்லை. அவர் புருஷனும் அப்பாவோடு அதே லாரியில் போனவர். அத்தை அக்காவை உள்ளே படுக்க வைத்தார். யாரோ டிரெஸரைக் கூப்பிட ஓடினார்கள். சீனி கரைத்துக் கொடுக்கணும் என்று ஒருவர் சொன்னார். லயத்தில் எவர் வீட்டிலும் ஒரு பிடி சீனி இல்லை.

அப்புறம் அக்காவுக்கு வலிப்பு வந்தது.

கூட்டத்தில் ஒருத்தி, "ஐயோ, சின்னவன் நோவு பெரியவளையும் புடிச்சிருச்சே!" என்றாள். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்.

"நோவு இல்லடி, வெசம்! தள்ளுங்க, காத்து வரட்டும்!" என்று அத்தை சத்தம் போட்டார்.

நான் பிறந்ததிலிருந்து வலிப்பைப் பார்த்ததில்லை. என்னுடையதை நான் எப்படிப் பார்ப்பேன்? அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் மேலே சொருகியது, கால் தரையில் அடித்தது, வாயில் நுரை வந்தது. இதையா இவள் இத்தனை வருஷம் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்? பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி சுவரில் கோடு போட்டாள்? அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பாவாடையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தேன். அவள் எனக்குச் செய்வதாகச் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். அடங்கியதும் எனக்குப் பயம்கூட இல்லை. அடங்கினால் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவோம் இல்லையா? நான் எப்போதும் எழுந்துவிடுவேனே. அவள் எழுந்ததும் குடிக்கட்டும் என்று தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிரெஸர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் கையிலிருந்த தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தார். அப்போது இன்னும் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் புதைத்தோம். அவளுக்கு இருந்தது ஒரே நல்ல சேலை. துணி கிடைக்காத காலம், மற்றவர்கள் கோணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சேலையை மண்ணுக்குள் போடுவதா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அத்தை அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்கள். நான்தான் மண் தள்ளினேன். தள்ளினேன் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் வலிப்பு வந்தது.

எழுந்து சுவரைப் பார்த்தேன். கோடு கூடவில்லை. "அக்கா எங்கத்தே?" என்றேன்.

அத்தை சொன்னார். நான் அப்போதுதான் கேட்கிற மாதிரிக் கேட்டு, தரையில் விழுந்து அழுதேன். அதற்கடுத்த வலிப்புக்குப் பிறகும் கேட்டேன். அத்தை மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "என்னால இனிமே சொல்ல முடியாதுய்யா. ஒவ்வொரு வாட்டியும் நானே அவளக் கொல்ற மாதிரி இருக்கு. நீயா எதாச்சும் பண்ணு," என்றார்.

அன்றைக்கு நான் நான்காவது மங்கு ஒன்றை எடுத்து என் பாய்த் தலைமாட்டில் குப்புற வைத்தேன். கண் திறந்ததும் அதுதான் தெரியும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. குப்புறக் கிடந்தால் முடிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். பிறகு பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அத நாந்தான் கவுத்தேன்."

"எத?"

"மங்க. அன்னைக்குக் காலைல அடுப்பு பத்தவைக்க நெருப்புக் கேட்டு வந்தேன். தீப்பெட்டி ஏது? நீ கட்டயாட்டம் கெடந்த. அவ உன் வாயத் தொடச்சுக்கிட்டு இருந்தா. கங்கு எடுத்தப்ப பாத்தேன், மங்குல மழத்தண்ணி. கை போயிருச்சு. இருவது வருசத்துக் கையிடா இது."

"அக்காவும் அதேதான் சொன்னா. தான்தான் கவுத்தேன்னு."

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ உனக்காகச் சொல்லியிருப்பா."

"நீங்களும் எனக்காகச் சொல்றீங்களா?"

"செத்தவ சொன்னத நம்புறியா, உசுரோட இருக்கறவ சொல்றத நம்புறியா?"

"ரெண்டு பேரும் கவுத்திருக்க முடியாதே அத்தே. ஒருத்தர் கவுத்தத இன்னொருத்தர் கவுத்தா நிமிந்துரும்."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். "பைத்தியக்காரா. நாங்கதான் சொல்றமே, நாங்க சொல்றமே... ஒனக்கு என்னடா வேணும்?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் எப்போது கேட்டாலும் அதே பதில்தான். நாந்தான் கவுத்தேன்.

இரண்டு பேரில் ஒருத்தராவது எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். ஒருவேளை இரண்டு பேருமே. வலிப்பு வருவதற்கு முன்னால், நாளும் தெரியாமல் கட்டளையும் மறந்து, பலகைப் பக்கம் போனது நானாக இருந்தால்? என் கையும் கித்தாக்காட்டுக் கைதான். பத்து வயதிலிருந்து மங்கு கவிழ்த்த கைதான்.

ஜப்பான்காரன் போய்விட்டான். டிரெஸரிடம் மாத்திரை மறுபடி வந்துவிட்டது. முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் அழுதேன். இப்போது மாதக்கணக்கில் வலிப்பு வருவதில்லை. நேற்று என்ன சாப்பிட்டேன் என்று சொல்வேன். சோல்ஜர் அறைந்த நாள், குழாயடி அண்ணன் சிரிக்க வைத்த நாள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. அந்த ஒரு காலை மட்டும் வரவில்லை. கண்ணை மூடித் தேடினால் மடித்த பாவாடை வரும், ரத்த ருசி வரும். அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. வருமா என்று டிரெஸரைக் கேட்டேன். "வராதுப்பா, தேடாத," என்றார்.

தலைமாட்டு மங்கை நான் இன்னும் எடுக்கவில்லை. இப்போது அது இல்லாமலே தெரியும், இருந்தாலும் எடுக்கவில்லை.

அதனால் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, அடுத்த தடவை கை கூப்பும்போது என் அக்காவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பேர் தெரிய வேண்டியதில்லை. சுங்கை லாலாங் பக்கத்தில் பசியோடு போன ஒரு பெண் என்று சொன்னால் போதும். அவள் போன இடத்தில் அவளுக்கு வயிறு நிறையட்டும், தம்பி மேல் கோபம் இல்லாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். நானும் தினம் வேண்டுகிறேன். ஆனால் என் தலையை நம்பி இதை விட முடியாது. நீங்கள் எல்லோரும் வேண்டுங்கள்.